பூதக்கண்ணாடியின் புருஷன்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் அந்தப் பெயரே வந்திருக்காது. தைத்து முடித்த சட்டையெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வர வேண்டும். காலரைத் திருப்புவாள், கை சேரும் இடத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள், பொத்தானை ஒரு இழு இழுப்பாள். தையல் கோணிப்போயிருந்தால் பெரிதாகத் திட்டமாட்டாள், பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். கோணலை உள்பக்கம் மடித்து மறைத்திருந்தால்தான் அன்றைக்கு அந்தத் தையல்காரி பாடு திண்டாட்டம். தப்பு கையால் வருவது, மறைப்பது மனசால் வருவது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் குடிப்பவர் என்றால் வீடு எந்த லட்சணத்தில் இருக்கும்? வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்க, ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். பிறகு சோதனை தொடங்கும். அரிசி டப்பா, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டரின் பின்பக்கம், பழைய பூட்ஸ் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவரும் கூடவே வந்து டார்ச் அடிப்பார். பரண் மேலே பார்த்தாயா என்று யோசனை வேறு சொல்வார். பரண் மேலே பாட்டில் இருக்கும். எடுத்து நீட்டினால், அதை யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல விழிப்பார். இவ்வளவு நெஞ்சழுத்தக்காரரை உலகத்திலேயே பார்த்ததில்லை என்று தன் தம்பியிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள். தம்பி வேன் ஓட்டுகிறவன். பேசாமல் தலைமுழுகிவிட்டு வா, என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்பான்.

முன்பு அவர் அப்படி இல்லை. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடம் எங்கே எழும்பினாலும் அதில் அவர் கை பட்டிருக்கும். குடி என்றால் கல்யாண வீட்டில் நண்பர்கள் வற்புறுத்தி ஒரு வாய், அவ்வளவுதான்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேலே மெஷின் அறையில் நிற்பார், ஒருவர் அடியில் குழிக்குள் இருப்பார். மேலே இருப்பவர் எதைச் சொன்னாலும் கீழே இருப்பவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மேல போகுது" என்றால் "மேல போகுது". "சரி", "ம்" எல்லாம் செல்லாது. சொன்னது சொன்னபடி திரும்பி வந்தால்தான் சுவிட்சில் கை வைப்பார்கள். வருஷக்கணக்கில் அந்த வேலை பார்த்தவருக்கு நாக்கு அப்படியே பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போகும். வரும்போது சோப்பு வாங்கி வாருங்கள் என்றால், "வரும்போது சோப்பு வாங்கிட்டு வரேன்" என்பார். வாங்கியும் வருவார். சொன்ன சொல் மாறாத புருஷன் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அந்த விபத்து நடந்த அன்று, மேலே நிற்க வேண்டிய ஆள் வேலைக்கு வரவில்லை. சின்ன வேலைதானே என்று அவரும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்தே குழிக்குள் இறங்கிவிட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், உறவு ஒன்றும் கிடையாது. கட்டிடத்து ஆள் யாரோ, லிஃப்ட் ஓடவில்லையே என்று மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். லிஃப்ட் பெட்டி இறங்கியது. அதைத் தூக்கி ஆட்களை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்தபோது கூட்டாளிக்கு உயிர் இல்லை. இவருக்கு மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் நடந்தார், சாப்பிட்டார், பழைய கதைகளைப் பிசகாமல் பேசினார். குழிக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. கிளற வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் அவளும் கேட்கவில்லை.

குடி அதற்குப் பிறகு வந்தது. முதலில் தூக்கத்துக்கு என்றார். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். "சோப்பு வாங்கிட்டு வரேன்" என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டுப் போய் பாட்டிலோடு திரும்புவார். சோப்பு எங்கே என்றால் எந்தச் சோப்பு என்பார். லிஃப்ட் கம்பெனியில் அவரைக் குழிவேலையிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடிதான் காரணம் என்றார்கள். வாயில் வாசனை இருந்ததால் வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை, பூதக்கண்ணாடிக்கும் தோன்றவில்லை.

குடியை நிறுத்த உதவும் மையம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வர வேண்டும். ஆரம்பத்தில் அங்கிருந்த ஆலோசகருக்கு இவர்தான் செல்லப்பிள்ளை. பலகையில் எழுதியதைச் சொன்னால் கடகடவென்று திருப்பிச் சொல்லிவிடுவார். ஆசை வந்தால் என்ன செய்ய வேண்டும்? யாருக்கு போன் செய்ய வேண்டும்? எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது? கேட்ட மாத்திரத்தில் பதில். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிப்பு ஜாஸ்தி என்று ஆலோசகர் அவளிடம் புகழ்ந்தபோது அவளுக்கே மனசு குளிர்ந்துவிட்டது.

அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, கண்ணை மூடி அமைதியாக உட்காரச் சொல்வார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து இவர் கம்பி நீட்டிவிடுவார். எங்கே போனீர்கள் என்றால் பதில் கிடையாது. வாசனை மட்டும் இருக்கும். போகக் கூடாது என்று சொன்ன அதே தெருவில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. ஆலோசகரின் அன்பு கசப்பாகத் திரும்பியது. தெரியாதவரைத் திருத்திவிடலாம், எல்லாம் தெரிந்துகொண்டே நம் காதில் பூ சுற்றுகிறவரை என்ன செய்வது என்று கேட்டார். பூதக்கண்ணாடி தலையாட்டினாள். தன் வீட்டில் நடப்பதை வெளியாள் ஒருவர் இவ்வளவு சரியாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

கடைசி வாய்ப்பாக மையத்து டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டவர் குடித்தால் உடம்பு தாங்காது, முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ஆளே போனாலும் போகலாம். ஆகவே நோயாளி நன்றாகப் புரிந்துகொண்டு சம்மதித்தால்தான் கொடுப்பார்களாம்.

டாக்டர் அவரைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "இதைப் போட்டுக்கிட்டு குடிச்சா உயிருக்கே ஆபத்து."

"இதைப் போட்டுக்கிட்டு குடிச்சா உயிருக்கே ஆபத்து" என்றார் அவர்.

டாக்டருக்குத் திருப்தி. ஆலோசகருக்குத் திருப்தி. இதையும் மீறிக் குடித்தால் மையத்துக்கு வரவே வேண்டாம் என்று ஆலோசகர் சொன்னார். பூதக்கண்ணாடியும் தன் மனசுக்குள் அதையேதான் முடிவு செய்துகொண்டாள். இனி ஒரு முறை கையும் களவுமாகப் பிடித்தால் போதும். அந்த மனுஷனை அவர் வழிக்கு விட்டுவிட்டுத் தம்பி வீட்டு அறைக்குப் போய்விடுவது. தம்பியும் அறையை ஒழித்து வைத்துவிட்டு, சொல்லு, வேனோடு வருகிறேன் என்றான்.

காலையில் மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தாள். விழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள், கன்னத்துக்குள் விரல் விட்டும் பார்த்தாள். அவர் சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்துகொண்டு நின்றார். வாசனையே வரவில்லை. மதியத்தில் தெருவில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார் என்று மையத்தில் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இவளுக்குத்தான் மூக்கில் வியர்த்தது. குடி நின்றுவிட்டதென்றால் மதியத்தில் இன்னும் ஏன் மையத்தை விட்டு வெளியே போகிறார்? போய் என்ன செய்கிறார்? ஏதோ ஒன்றை மடித்து உள்ளே தைத்திருக்கிறார், அது தன் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடை ஓரமாகப் போய் நின்றாள். மதியச் சாப்பாடு முடியும் நேரம். மாடியில் திரைகள் இழுபடுவது தெரிந்தது. சற்று நேரத்தில் அவர் வாசலுக்கு வந்தார். வேகமாக வந்தவர் தெருவில் இறங்கியதும் நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். யாராவது பின்தொடர்கிறார்களா என்று நோட்டம் விடுகிறார், பெரிய கள்ளன்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் கால்கள் தாமாகவே ஒரு தெருவில் திரும்பின. அது போகக் கூடாத தெரு. சாராயக் கடைக்குள் போய்விட்டுக் கையில் பாட்டிலோடு வெளியே வந்தார்.

ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். நாலு எட்டு தூரம்தான். காலையில் கொடுத்த மாத்திரை அவர் வயிற்றுக்குள் இருக்கிறது என்பது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் மூடி திறக்காத பாட்டிலை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? யாருக்கோ வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவள் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் சுவரோரம் போய் மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதுவரை பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

போய் எதிரே நின்றாள். அவர் பாட்டிலை மறைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை, கீழே போடவில்லை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ எங்க இந்தப் பக்கம்? இன்னிக்கு வேலை இல்லையா?"

"காலையில மாத்திரை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த மாத்திரை?"

நாடகம் என்று கத்த வந்த வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக மறைப்பவர்கள் முகத்தைப் பார்த்தே பழகியவள் அவள். மேசைக்குச் சட்டையைக் கொண்டுவந்து வைக்கும்போதே அவர்கள் கண் வேறெங்கோ போகும். இந்தக் கண் எங்கேயும் போகவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டார்.

அதற்குள் அவர் முகம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. கழுத்து, காது, கண் வெள்ளை எல்லாம் சிவந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். வாந்தி நிற்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு கார்க்காரர்தான் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வண்டிக்குள் அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய தையல் தழும்பின் மேல் கையை வைத்தபடியே வந்தாள்.

உயிர் தப்பியது. மறுநாள் வார்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். குடிகாரர் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தலையில் இருந்த தழும்பையும் பார்த்தார். இது எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். சாவி, மரம், குடை. அவர் உடனே சொல்லிவிட்டார். பூதக்கண்ணாடிக்குச் சலிப்பாக இருந்தது. இதிலெல்லாம் அவர் புலி என்று அவளுக்குத் தெரியாதா? டாக்டரம்மா எழுந்து போகவில்லை. லிஃப்ட் வேலையைப் பற்றி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கட்டிடத்தைப் பற்றி ஏதேதோ பேசினார். அப்புறம், அந்த மூன்று வார்த்தைகளையும் இப்போது சொல்லுங்கள் என்றார்.

"என்ன வார்த்தை?" என்றார் அவர்.

சற்று முன்பு சொன்னேனே என்றார் டாக்டரம்மா. அவர் மரியாதையாகச் சிரித்தார். பிறகு சிரிப்புப் போய்விட்டது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தலையைத் திருப்பி மனைவியின் வாயைப் பார்த்தார். விடை தெரியாத பையன் பக்கத்துப் பையனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவளுக்கு அந்த மூன்று வார்த்தைகளும் தொண்டைவரை வந்து நின்றன.

மதியத்தில் ஏன் மையத்தை விட்டு வெளியே போகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை, குற்றமாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

"லைட்ட அணைச்சிடுறாங்க" என்றார். "குழிக்குள்ளயும் இருட்டு. நான் 'தூங்காத மாப்ளே'ன்னு சொல்வேன். அவன் 'தூங்காத மாப்ளே'ன்னு திருப்பிச் சொல்வான். சொல்லிக்கிட்டே இருந்தோம். அப்புறம் நான் சொன்னேன், அவன் சொல்லல." கொஞ்ச நேரம் போர்வையை நீவினார். "இங்கயும் இருட்டாக்கிட்டு அமைதியா இருக்கச் சொல்றாங்க. அவன் பதில் சொல்லாம நான் எப்படி அமைதியா இருக்கிறது? குடிச்சாதான் அது அடங்குது."

பூதக்கண்ணாடி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அழுதாள். இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்தவள், அந்தக் குழியைப் பற்றி முதன்முதலாக இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

டாக்டரம்மா அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் விளக்கினார். அடிபட்ட மூளையில் புதிதாகச் சொல்வது தங்குவதில்லை, குடி அதை இன்னும் கெடுக்கிறது. பழையதெல்லாம் பத்திரமாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. அவர் திருப்பிச் சொல்வது தொழில் கொடுத்த பழக்கம். நாக்கு சொல்லிவிடும், உள்ளே ஒன்றும் நிற்காது. அந்த மாத்திரையைப் பற்றி அவருக்குச் சொன்னது, சொல்லாததற்குச் சமம். அதை இனிமேல் தொடவே கூடாது.

"அப்ப எதுவுமே மனசுல நிக்காதா டாக்டர்?"

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. மனசைத் தாக்குற விஷயம் வேற வழியா உள்ள போகும். என்ன நடந்துச்சுன்னு மறந்துடும், பயம் மட்டும் தங்கிடும்."

வாசலில் தம்பி வேனோடு வந்து நின்றான். முந்தைய நாள் ஆஸ்பத்திரிக்கு வந்த அவசரத்தில், பிடித்துவிட்டேன், வந்துவிடு என்று அவள்தான் போனில் சொல்லியிருந்தாள். அவளுடைய பெட்டியைக்கூட வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

"நடிப்புக்கா. டாக்டரையே ஏமாத்திட்டார் மாமா. நீயா இதை நம்புற?"

பெட்டியை வீட்டிலேயே திருப்பி வைத்துவிடு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் தம்பி சொன்ன வார்த்தை கூடவே வந்தது. வீட்டுக்குத் திரும்பிய புதிதில், பூதக்கண்ணாடி புத்தி போகாமல், அவரை ரகசியமாகச் சோதித்துக்கொண்டேதான் இருந்தாள். ஒன்றைச் சொல்லிவிட்டு, துணி காயப்போட்டுத் திரும்பி வந்து கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் தோற்றார். ஒரு தடவையாவது ஜெயித்துவிட மாட்டாரா என்று அவள் ஏங்க ஆரம்பித்த பிறகுதான் சோதனையை விட்டாள்.

மையத்தில் டாக்டரம்மா பேசியதால் அவரைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். ஆலோசகர் முதலில் முனகினார். பிறகு மதியத்தில் அவரை மட்டும் வெளிச்சமான அறையில் வைத்துத் தனியாகப் பேச ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான் சொல்லுவார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்பார். போகும் தெருவை மாற்றி, காலே பழகும்வரை பூதக்கண்ணாடி கூடவே நடந்தாள். குடி குறைந்தது. அடியோடு நின்றது என்று சொன்னால் பொய். வழுக்கிய நாட்களும் உண்டு. வீட்டில் ஊதச் சொல்வது மட்டும் நின்றேவிட்டது.

ஒன்று பாக்கி இருந்தது. அந்த மாத்திரைக் கதையை அவளோ ஆலோசகரோ எடுத்துச் சொல்லும்போதெல்லாம் அவர் கேட்பார், அன்றைக்கு நீ எப்படி அந்தத் தெருவுக்கு வந்தாய் என்று. சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்பாள். அவர் நம்புவார். நல்லவேளை வந்தாய், இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார். மறந்துவிட்டுத் திரும்பவும் கேட்பார், திரும்பவும் கையைப் பிடிப்பார். அந்த நன்றியை வாங்கி வாங்கி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் டீ போட்டு அவர் முன்னால் வைத்து, அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிவிட்டு, எப்படியும் நாளைக்கு மறந்துவிடப்போகிறார் என்ற தைரியத்தில் சொல்லிவிட்டாள்.

"நான் சும்மா வரலைங்க. உங்க பின்னாடியே வந்தேன். நீங்க குடிக்கிற வரைக்கும் ஒளிஞ்சு நின்னு பார்த்தேன்."

"மாத்திரை உள்ள இருந்தது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவர் டம்ளரைத் தொடவில்லை. டீ ஆறி ஏடு படிந்தது. கடைசியில், போகட்டும் விடு என்றார். அவள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை. எந்தத் தெரு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. டீயைக் கலந்து டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, டம்ளருக்குள் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து அவள் கண்டதே இல்லை.

"ஏங்க, என்ன பார்க்குறீங்க?"

"தெரியல" என்றார். அவருக்கே குழப்பமாக இருந்தது. "சும்மாதான்."

ஆனாலும் குடிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான் பார்த்தார், அதற்கடுத்த நாளும் பார்த்தார். இப்போதெல்லாம் அவள் அவருடைய டம்ளரிலிருந்து முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அவரிடம் கொடுக்கிறாள்.